பலகை வீட்டின் நடுக்கம்

சென்ற ஆண்டுப் பொங்கலுக்கு முன்பு சுங்கைப்பட்டாணியில் ஒரு சங்கத்தின் செயலாளர் என்னைக் கூப்பிட்டார். பழைய கடைவீட்டின் மேல்மாடியில் அவர்களுக்கு ஒரு கூடம் இருக்கிறது. கீழே துணிக்கடை, மேலே பலகைத் தளம். பெண்கள் அறுபது பேர் அங்கே கும்மி பழக வேண்டும். “தம்பி, நீ எஞ்சினியர்தானே, வந்து பாரு. இந்தப் பலகை தாங்குமா தாங்காதான்னு மட்டும் சொல்லு போதும்.”

போனேன். கூடத்தின் நடுவில் நின்று குதிகாலை உயர்த்தி ‘டொம்’மென்று கீழே போட்டேன். இது விளையாட்டு இல்லை. பொறியாளர்கள் தளத்தின் அதிர்வைச் சோதிக்க உண்மையிலேயே செய்வது இதைத்தான். சுவரோரம் அடுக்கியிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகள் சலசலத்தன. மேசைமேல் இருந்த கிளாஸில் தேத்தண்ணி வட்டம் வட்டமாக ஆடியது. “இது எப்பவும் இப்படித்தான், பயப்படாதீங்க,” என்றார் செயலாளர்.

எனக்குப் பயமில்லை. இந்த நடுக்கத்தை எனக்கு முன்பே தெரியும். பாட்டியின் வீடு இப்படித்தான் இருந்தது.

பாட்டி பீடோங் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்தில் ஐம்பது வருசத்துக்கு மேல் இருந்தவர். கட்டைக்கால்மேல் நின்ற பலகை வீடு அது. கீழே விறகும் கோழியும், மேலே பத்துக்குப் பத்து அறையில் ஏழு பேர். இருட்டில் யார் எழுந்து நடந்தாலும் பாட்டிக்குத் தெரிந்துவிடுமாம். தாத்தா கள்ளுக்கடையிலிருந்து வரும் நாளில் படியில் கால் வைத்தவுடனேயே எவ்வளவு குடித்திருக்கிறார் என்பது தலையணை வழியாகப் புரிந்துவிடும் என்பார். பெரட்டுக்குப் போக விடிகாலை நாலரைக்கு லயம் முழுவதும் ஒரே நேரத்தில் எழுந்திருக்கும்போது கடிகாரம் தேவையில்லை. பக்கத்து வீட்டுப் பலகையும் நம் வீட்டுப் பலகையும் ஒரே உத்தரத்தில்தானே உட்கார்ந்திருக்கின்றன!

கொஞ்சம் யோசித்துப் பார்த்தால், தமிழர்களுக்கு இது புது அனுபவமாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஊரில் சாணி மெழுகிய மண் தரை. மண் நடுங்காது. வசதியானவர்களின் மாடி வீட்டிலும் மரச் சட்டங்கள் உண்டு, ஆனால் அவற்றின்மேல் செங்கலைக் குத்தாக நிறுத்திச் சுண்ணாம்புக் காரை போட்டு இறுக்கிவிடுவார்கள். ‘மெட்ராஸ் டெரஸ்’ என்று கட்டடக்காரர்கள் சொல்வது அதைத்தான். தாங்குவது மரமே ஆனாலும் மேலே இருக்கும் கனம் எதையும் அசையவிடாது. அந்த ஊர்க்காரர்கள் முதன்முதலில் கப்பல் தளத்தில் படுத்து, அது அசைவதை உடம்பில் உணர்ந்து, பினாங்கில் இறங்கி, கெடாவுக்கு வந்து மறுபடியும் அசைகிற ஒரு தளத்தில் படுத்திருக்கிறார்கள். கெடா 1909-இல் சயாமிடமிருந்து பிரிட்டிஷ்காரர்கள் கைக்கு மாறியது. 1915-இல் அலோர்ஸ்டார் வரைக்கும் ரயில் வந்தது. காடுகள் ரப்பர் தோட்டங்களாகின. எத்தனை ஏக்கர், எத்தனை பவுண்டு ரப்பர் என்றெல்லாம் கணக்கு வைத்திருக்கிறார்கள். காலடியில் இருந்த பலகை எப்படி நடந்துகொண்டது என்பதை யாரும் எழுதிவைக்கவில்லை. எழுதிவைக்க வேண்டிய விசயமென்றே யாருக்கும் தோன்றியிருக்காது.

மலாய்க்காரர்களுக்கு இது பழைய பழக்கம். கம்பத்து வீட்டில் தூண்களுக்கு நடுவே ‘ராசுக்’ என்ற பெரிய உத்தரம் போகும். அதன்மேல் ‘கெலகார்’ என்ற சிறிய சட்டங்கள், அதற்கும் மேலே பலகை. ஆணிக்குப் பதிலாக முளையும் ஆப்பும். கெலகார் என்ற சொல்லுக்கு மலாயில் இன்னொரு பொருளும் உண்டு, இடி முழக்கம். இரண்டும் ஒரே வேர்தானா என்பதை மொழிக்காரர்கள் சொல்லட்டும். பலகை வீட்டில் வளர்ந்தவனுக்கு அந்த ஒற்றுமை ஆச்சரியமாக இருக்காது. பூஜாங் பள்ளத்தாக்கில் புக்கிட் பத்து பகாட் கோயிலடியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கருங்கல் மேடையில் மரத்தூண் நிறுத்திய குழிகொண்ட கல்பீடங்கள் இன்னும் இருக்கின்றன. 1936-37-இல் குவாரிச் வேல்ஸ் தோண்டி, பிறகு 1958-60-இல் அலாஸ்டர் லேம்ப் மறுபடி அடுக்கி நிறுத்திய கோயில் அது. கல் மிச்சம், மரம் போய்விட்டது. கடாரத்தைப் பற்றிப் பெருமை பேசும் நாம் பார்ப்பதெல்லாம் குழிகளைத்தான்.

அதிர்வு என்பது என்ன? இதைச் சொல்ல ஆயாக் கொட்டகைக்குப் போகலாம். வரிசையாகச் சேலைத் தொட்டில்கள் தொங்கும் இடம். பிறகு ஸ்பிரிங் தொட்டில் வந்தது. பிள்ளையைப் போட்டதும் ஸ்பிரிங் சுமாராக ஓரடி இறங்கும். ஒருமுறை இழுத்துவிட்டால் அது தன் இஷ்டத்துக்குத்தான் ஆடும், ஆயாவின் இஷ்டத்துக்கு இல்லை. ஒரு நொடிக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் ஒரு ஆட்டம். இறங்கிய அளவை மில்லிமீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தால் 16-ஐ வகுத்தால் நொடிக்கு எத்தனை ஆட்டம் என்று வந்துவிடும். ஓரடிக்கு 300 மில்லிமீட்டர், அதன் வர்க்கமூலம் ஏறக்குறைய 17, ஆகவே 0.9. நொடிக்கு ஒரு ஆட்டத்தை ஒரு ஹெர்ட்ஸ் என்போம். பலகைத் தளமும் அப்படித் தொங்கும் ஒரு தொட்டில்தான். தன் எடையாலேயே ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நடுவில் தொய்ந்திருக்கும். தொட்டிலில் கனம் ஒரே இடத்தில் இருக்கிறது, தளத்தில் பரவியிருக்கிறது. அதனால் 16-க்குப் பதில் 18. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆயாவுக்கு இன்னொன்றும் தெரியும். தொட்டில் மேலே வரும் நேரம் பார்த்துத் தொட்டால் போதும், சுண்டுவிரலாலேயே நாள் முழுவதும் ஆட்டலாம். நேரம் தப்பினால் எவ்வளவு பலமாக இழுத்தாலும் வீண். மனிதன் நடக்கும்போது நொடிக்கு ஏறக்குறைய இரண்டு அடி வைக்கிறான். ஒவ்வொரு அடியும் சுத்தமான ஒற்றைத் தட்டு அல்ல, அதற்குள் நாலு, ஆறு, எட்டு ஹெர்ட்ஸ் என்று குட்டித் தட்டுகள் ஒளிந்திருக்கின்றன. தளத்தின் சொந்த ஆட்டம் அவற்றில் ஒன்றோடு ஒத்துப்போனால், நடப்பவர் தளத்துக்கு ஆயாவாகிவிடுகிறார். நம் உடம்பும் இதில் சேர்ந்துகொள்கிறது. மேலும் கீழுமான அசைவில் 4 முதல் 8 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான் நமக்கு ரொம்பக் கூச்சம். வயிறும் நெஞ்சும் அந்த இடத்தில்தான் பதில் ஆட்டம் போடுகின்றன.

இதை முதலில் கவனித்து எழுதியவர்களில் ஒருவர் தாமஸ் டிரெட்கோல்ட். டர்ஹாம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, மரவேலைத் தொழிலாளியாக இருந்து, தானாகவே கணக்குப் படித்தவர். நீண்ட தளத்துக்குப் போடும் உத்தரங்களை ஆழமாக வைக்க வேண்டும், இல்லையென்றால் அறையில் இருக்கும் எல்லாப் பொருட்களையும் ஆட்டாமல் ஒருவர் நகரவே முடியாது என்பது 1828-இல் அவர் சொன்னதன் சாரம். ‘உடைந்துபோகும்’ என்று அவர் சொல்லவில்லை. உடையாத ஒன்றும் வாழ்வதற்குத் தொல்லையாக இருக்கலாம் என்பதை ஒரு தச்சர் சொன்னார், பேராசிரியர்கள் அதைப் பிடித்துக்கொள்ள நூறு வருசம் ஆனது. 1931-இல் ஜெர்மனியில் ரைஹர், மைஸ்டர் என்ற இருவர் ஆட்களை ஆடும் மேடையில் நிற்கவைத்தும் படுக்கவைத்தும் எந்த ஆட்டம் தெரிகிறது, எது தாங்க முடியவில்லை என்று கேட்டுப் பதிந்தார்கள். பிறகு அமெரிக்காவில் லென்சன். 1982-இல் ஸ்வீடனில் ஸ்வென் ஓல்சன் எழுதிய ஆய்வேடுதான் ஐரோப்பாவின் மரத்தள விதிகளுக்கு அடிப்படை. குடியிருப்புத் தளத்தின் சொந்த ஆட்டம் 8 ஹெர்ட்ஸுக்கு மேல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தனியாக ஆராய வேண்டும் என்கிறது அந்த விதி.

எனக்குப் பிடித்தவர் கனடாவின் டொனால்ட் ஓனிஸ்கோ. ஆய்வுக்கூடத்தில் உட்காராமல் அவரும் கூட்டாளிகளும் நூற்றுக்கணக்கான வீடுகளுக்குப் போய், தளத்தை அளந்து, அங்கே குடியிருப்பவர்களிடமே கேட்டார்கள். உங்க வீட்டுத் தரை உங்களுக்குப் பிடிச்சிருக்கா? அதிலிருந்து கிடைத்த விதி ரொம்ப எளிமையானது. ஒரு கிலோநியூட்டன், அதாவது சற்றுக் கனமான ஓர் ஆள், தளத்தின் நடுவில் நின்றால் அது 2 மில்லிமீட்டருக்கு மேல் இறங்கக் கூடாது. மூன்று மீட்டர் வரையான தளத்துக்கு இந்த 2, அதைவிட நீண்டால் இன்னும் குறைவு. 1990-இல் இது கனடாவின் கட்டட விதியிலேயே ஏறியது.

இந்த விதியைக் கையில் வைத்துக்கொண்டு ஒருநாள் ராத்திரி பாட்டியின் வீட்டைக் கணக்குப் போட்டேன். வீடு இப்போது இல்லை. தோட்டம் கைமாறி, லயத்தை இடித்து, செம்பனை நட்டுவிட்டார்கள். ஆனால் தளத்தின் சட்டம் ஒன்று மாமா வீட்டுக் கொல்லையில் பூந்தொட்டி வைக்கும் பெஞ்சாக இருக்கிறது. அளந்தேன். இரண்டு அங்குலத்துக்கு நாலு அங்குலம். நல்ல காட்டு மரம், இன்னும் ஆணி இறங்க மறுக்கிறது. (நாள் முழுக்க ரப்பர் மரத்தோடு வாழ்ந்தவர்களின் வீட்டில் ரப்பர் மரம் இல்லை. பூச்சியும் பூஞ்சையும் சீக்கிரம் பிடிக்கும் கட்டை அது.) சட்டங்களுக்கு நடுவே ஒன்றரை அடி இடைவெளி, நீளம் பத்தடி, மேலே ஓரங்குலப் பலகை என்று வைத்துக்கொண்டேன்.

தளத்தின் எடை சதுர மீட்டருக்கு 30 கிலோகூட வரவில்லை. இன்று நாம் வாழும் கான்கிரீட் தளம் அதைப்போலப் பத்து மடங்கு. பத்துக்குப் பத்து அறையின் மொத்தத் தளமும் 270 கிலோ, அதாவது நாலு பெரியவர்களின் எடை. ஏழு பேர் அந்த அறையில் இருந்தபோது, தளத்தைவிடக் குடும்பம்தான் கனம்! சொந்த ஆட்டம் 12 ஹெர்ட்ஸ் வந்தது. ஐரோப்பிய விதியில் பாஸ். கனடா விதியைப் போட்டுப் பார்த்தேன். ஒரே சட்டத்தின்மேல் ஆள் நின்றால் 9 மில்லிமீட்டருக்கு மேல் இறங்குகிறது. பலகைகள் பக்கத்துச் சட்டங்களோடு பாரத்தைப் பங்குபோட்டுக்கொள்வதால் பாதியென்று வைத்தாலும் 5. இரண்டுக்கு ஐந்து. ஃபெயில், நன்றாகவே ஃபெயில். ஆனால் உடையாது. உடைவதற்கு வேண்டிய பாரத்துக்குப் பக்கத்தில்கூட அது இல்லை.

சட்டத்தின் ஆழத்தை நாலிலிருந்து ஆறு அங்குலமாக்கிப் பார்த்தேன். விறைப்பு ஆழத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். ஒன்றரை மடங்கு ஆழம், மூன்றே கால் மடங்குக்கு மேல் விறைப்பு. ஐந்து மில்லிமீட்டர் ஒன்றரையாகிவிட்டது. பாஸ். இரண்டு அங்குலம்தான். ஒரு சட்டத்துக்கு இரண்டு அங்குல மரம் கூட்டியிருந்தால் பாட்டி தூங்கியிருப்பார்.

இதைச் சதியென்று எழுதுவது எளிது. நான் அப்படி நினைக்கவில்லை. அந்தக் காலத்தில் துரையின் பங்களாவுக்கும் மரத்தளம்தான். அங்கே ஒரு அறையில் ஏழு பேர் படுக்கவில்லை என்பதுதான் வித்தியாசம். நான்கு அங்குலம் வலுவுக்குப் போதும், வலுதான் அளவுகோல், அளவுகோலை வைத்திருந்தவர் அங்கே படுப்பவர் அல்ல. 1966-இல் மலேசியாவில் தொழிலாளர் குடியிருப்புக்கான குறைந்தபட்சத் தரச் சட்டம் வந்தது. வீட்டின் இடவசதி, தண்ணீர், கழிப்பறை போன்றவற்றைச் சட்டம் கேட்கத் தொடங்கிய காலம். தூக்கம் எப்படி என்று யாரும் கேட்கும் நிலைக்கு இன்னும் வரவில்லை.

அதே 1966-இல் லண்டனில் ஒரு காரியம் நடந்தது. செயின்ட் ஜேம்ஸ் பார்க் சுரங்க ரயில் நிலையத்துக்கு மேலே ஆல்பனி கோர்ட் என்று ஓர் அடுக்குமாடி கட்டினார்கள். ரயில் போகும்போது வீடுகள் அதிரக் கூடாது என்பதற்காகக் கட்டடத்தையே ரப்பர் திண்டுகள்மேல் உட்காரவைத்தார்கள். இயற்கை ரப்பர் திண்டுமேல் நின்று அதிர்விலிருந்து தப்பிய முதல் குடியிருப்புக் கட்டடங்களில் ஒன்று. அதற்குப் பின்னால் இருந்தது மலாயா ரப்பர் உற்பத்தியாளர்களின் பணத்தில் இங்கிலாந்தில் நடந்த ஆராய்ச்சி. அதே ஆய்வுக்கூடம் உருவாக்கிய ரப்பர் கலவையில் செய்த திண்டுகள்மேல்தான் 1985-இல் கலிபோர்னியாவில் ஒரு நீதிமன்றக் கட்டடம் நின்றது, அமெரிக்காவில் பூகம்பத்துக்காக அப்படிக் கட்டிய முதல் கட்டடம். நாங்கள் பல்கலைக்கழகத்தில் இதைப் பாடமாகப் படித்தோம். விரிவுரையாளர் ஸ்லைடில் ரப்பர் திண்டின் குறுக்குவெட்டைக் காட்டினார். ரப்பர் ஓர் அடுக்கு, இரும்புத் தகடு ஓர் அடுக்கு. எனக்குப் பாட்டியின் பால் வாளிதான் ஞாபகம் வந்தது. அதை வகுப்பில் சொல்லவில்லை.

பாட்டியிடம் வீட்டில் சொன்னேன். “ரயிலுக்கு மேலயா வீடு கட்டுனானுங்க? கிறுக்கனுங்க,” என்றார். அதற்கப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, “நம்ம பாலு நல்ல பாலுடா,” என்றார்.

இனி கூடத்துக்கு வருவோம். நடப்பது வேறு, ஆடுவது வேறு. நடப்பவர்கள் ஆளுக்கொரு தாளத்தில் நடப்பார்கள், ஒருவர் ஆட்டுவதை இன்னொருவர் அறியாமலே அணைத்துவிடுவார். ஒரே தாளத்தில் கால் விழுந்தால்தான் விபரீதம். 1831 ஏப்ரல் 12-ஆம் தேதி இங்கிலாந்தில் பிராட்டன் தொங்குபாலத்தின்மேல் 74 சிப்பாய்கள் கால் ஒத்து நடந்தபோது பாலம் சரிந்தது. இருபது பேர் அளவில் காயம். அதிலிருந்துதான் பாலத்தில் தாளத்தைக் கலைத்து நடக்க வேண்டும் என்று ராணுவத்தில் உத்தரவு வந்தது. நம் பக்கம் அணிவகுத்தவர்களும் உண்டு. 1946-47-இல் பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தில் எழுந்த தொண்டர் படை கள்ளுக்கடைகளை எதிர்த்துப் பயிற்சி நடை போட்டது. நல்லவேளை, மண்ணில். அரசாங்கம் வேறு காரணங்களுக்காக நடுங்கியது.

இரும்பும் கான்கிரீட்டும் மட்டும் என்ன வாழ்ந்தது? 2011 ஜூலையில் சோல் நகரின் 39 மாடி டெக்னோமார்ட் கட்டடம் குலுங்கி, மக்கள் வெளியே ஓடினார்கள். பூகம்பம் இல்லை. 12-ஆவது மாடி உடற்பயிற்சிக் கூடத்தில் 17 பேர் பாட்டுக்குத் தாளம் தப்பாமல் தே-போ பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள் என்பதுதான் ஆய்வின் முடிவு. நிபுணர்கள் மறுபடி ஆளை நிறுத்தி ஆடவைத்து நிரூபித்தார்கள். பதினேழு பேர், முப்பத்தொன்பது மாடி. என்னிடம் கேட்டது அறுபது பேர், ஒரு பலகைத் தளம்.

சட்டம் இரண்டுக்கு எட்டு அங்குலம், சுவருக்குச் சுவர் 5 மீட்டர். கைத்தொலைபேசியைத் தரையில் வைத்துக் குதிகால் சோதனை செய்தேன். உள்ளே இருக்கும் அதிர்வுமானி 10-க்கும் 11-க்கும் நடுவில் காட்டியது. காகிதத்தில் 10.5. இவ்வளவு ஒத்துப்போவது அபூர்வம், எனக்கே சிரிப்பு வந்தது. அறுபது பெண்கள் 75 சதுர மீட்டரில் ஏறினால் தளத்தின் எடை இரண்டு மடங்குக்கு மேலாகும். இருந்தது 38 கிலோ, சேர்வது 50. கனம் ஏறினால் ஆட்டம் மெதுவாகும், பிள்ளை வளர்ந்த தொட்டில்போல. 10.5 ஏறக்குறைய 7-க்கு இறங்குகிறது. போன வருசக் கும்மியின் காணொளியைப் போட்டுக் கைத்தட்டை எண்ணினேன். நிமிடத்துக்கு 138, நொடிக்கு 2.3. அதன் மூன்று மடங்கு 6.9.

இந்தக் கணக்கை அப்படியே நம்பக் கூடாது என்பதும் எனக்குத் தெரியும். மனித உடம்பு செங்கல் அல்ல. அது அதிர்வைக் கொஞ்சம் குடித்துவிடும். பழைய ஆணியும் பலகையும் உரசி எழுப்பும் அந்தக் கிறீச் சத்தமே ஆட்டத்தைத் தின்னும் ஒரு வேலைதான். பெண்கள் எல்லாரும் கச்சிதமாக ஒரே நேரத்தில் அடி வைப்பதும் இல்லை, முக்கியமாக முதல் வாரப் பயிற்சியில். ஆனால் அவர்கள் அங்கே கூடுவதே ஒரே நேரத்தில் அடி வைக்கக் கற்றுக்கொள்ளத்தான்.

செயலாளரிடம் சொன்னேன். “உடைஞ்சிருமா?” என்று கேட்டார். “உடையும்னு சொல்லல அங்கிள். ஆனா கையெழுத்துப் போட மாட்டேன்.” அவருக்குக் கோபம். “போன வருசம் ஆடுனாங்களே, ஒன்னும் ஆவலையே. அம்பது வருசக் கூடம் இது.” போன வருசம் இருபத்திரண்டு பேர்தான் என்று டீச்சர் ஒருவர் பின்னாலிருந்து சொன்னார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

கடைசியில் கும்மிப் பயிற்சி கடைக்குப் பின்னால் இருந்த கார் நிறுத்துமிடத்துக்குப் போனது. தார்த் தரை. இரண்டு தடவை மழை. டீச்சர்கள் என்னிடம் சரியாகப் பேசவில்லை. கடிதத்தில் நான் எழுதிக் கொடுத்தது இது: கூட்டம் நடத்தலாம், உட்கார்ந்து, தாளத்துக்கு ஆடுவது வேண்டாம், ஆட வேண்டுமென்றால் சட்டங்களின் நடுவில் குறுக்கே ஓர் இரும்பு உத்தரமும் அதைத் தாங்கக் கீழே தூண்களும் வேண்டும். ஐந்து மீட்டர் இரண்டரை மீட்டராகிவிடும், தளத்தின் ஆட்டம் நாலு மடங்கு ஏறிவிடும், அதற்கப்புறம் எந்தக் கும்மியும் அதை எட்டாது.

தூண் வந்தால் சேலை அலமாரியை மறைக்கும் என்கிறார் துணிக்கடைக்காரர். இரண்டு தூணுக்குச் சம்மதிக்கவைக்க முடியுமா என்று செயலாளர் போன வாரம் போன் செய்து கேட்டார். உத்தரத்தை இன்னும் ஆழமாகப் போட்டால் இரண்டே தூணில் முடிக்கலாம், எத்தனை அங்குலம் என்று பார்த்துச் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.